ஹிப்ஹாப் தமிழா: இசைத் தயாரிப்பாளரிலிருந்து படத் தயாரிப்பாளர் வரை

ஹிப்ஹாப் தமிழா என்பது கோயம்புத்தூரைச் சேர்ந்த ஆதித்யா வெங்கடபதி என்னும் ஆதியும் அவருடைய நண்பர் ஜீவாவும் சேர்ந்து நடத்தும் தமிழ் ஹிப்ஹாப் இசைக்குழு ஆகும். இணையத்தில் பாடல்களை ஏற்றுவதில் தொடங்கிய இக்குழு, 2012இல் தனி இசைத்தொகுப்பு வெளியிட்டது. 2015இல் திரைப்பட இசையமைப்புக்கு வந்தது. ஆதி 2017இல் கதாநாயகனாகவும் இயக்குநராகவும் அறிமுகமானார். 2024இல் ஹிப்ஹாப் தமிழா என்டர்டெயின்மென்ட் என்ற சொந்த நிறுவனத்தின் மூலம் முழுநீளத் திரைப்படம் ஒன்றைத் தயாரித்து வெளியிட்டார்.

ஹிப்ஹாப் இசைக்காரர் ஒருவர் தொழில் முனைவோராக மாறுவதற்குத் தமிழ்நாட்டில் கிடைக்கும் தெளிவான எடுத்துக்காட்டு இது. ஒரு கலைஞர் கூலிக்கு இசை செய்து கொடுக்கும் நிலையிலிருந்து, தான் உருவாக்கியதற்குத் தானே உரிமையாளராகும் நிலைக்கு எப்படி நகர்கிறார் என்பதையும், அந்த நகர்வில் உள்ள இடர்களையும் இக்கட்டுரை விளக்குகிறது.

"தயாரிப்பாளர்" என்ற சொல்

தமிழில் தயாரிப்பாளர் என்றால் படத்துக்குப் பணம் போடுபவர் என்றே பொருள் கொள்கிறோம். ஹிப்ஹாப்பில் இச்சொல்லுக்கு வேறு பொருள் உண்டு. அங்கே இசைத் தயாரிப்பாளர் என்பவர் பாட்டின் அடித்தளத்தைக் கட்டுபவர். தாளத்தை அமைப்பது, அடிநாதத்தைச் சேர்ப்பது, ஒரு சிறு இசைத்துணுக்கைத் திரும்பத் திரும்ப வரச் செய்வது, பாடகரின் குரலைப் பதிவு செய்வது, எல்லாவற்றையும் கலந்து இறுதி வடிவம் கொடுப்பது ஆகியவை அவர் வேலை. அந்த அடித்தளத்தை "பீட்" என்பார்கள். அதன்மேல் தாளத்தோடு சொற்களை அடுக்கிச் சொல்பவர் ராப் கலைஞர். தமிழில் ராப்பைச் சொல்லிசை என்றும் அழைப்பதுண்டு.

இந்த வேலைக்குப் பெரிய வாத்தியக்குழு தேவையில்லை. ஒரு கணினி, இசை மென்பொருள், ஒலிவாங்கி, விசைப்பலகை ஆகியவை இருந்தால் ஓர் அறையிலேயே பாட்டை முடித்துவிடலாம். திரை இசைக்குள் நுழைய வழி இல்லாத இளைஞர்களுக்கு ஹிப்ஹாப் கதவைத் திறந்துவிட்டதற்கு இதுவே முதற்காரணம். ஆனால் பாட்டைச் செய்வது எளிதானதே தவிர, அதிலிருந்து வாழ்க்கை நடத்துவது எளிதாகவில்லை.

தமிழ் ஹிப்ஹாப்பின் முன்கதை

தமிழ்த் திரையில் ராப் 1990களிலேயே ஒலித்தது. 1994இல் வெளிவந்த "காதலன்" படத்தில் ஏ. ஆர். ரகுமான் இசையமைத்த பேட்டை ராப் பாடல், சென்னைப் பேச்சுவழக்கை ராப் நடையில் கொண்டுவந்தது. ஆயினும் தமிழில் ராப் தனி இசைவகையாக வேரூன்றியது முதலில் மலேசியாவில்தான். யோகி பி, நட்சத்திரா குழுவினரின் "வல்லவன்" தொகுப்பு 2006இல் வெளிவந்து தமிழ்நாட்டிலும் பரவியது. இலங்கையிலும் அதே காலத்தில் தமிழ் ராப் கலைஞர்கள் உருவாகியிருந்தனர்.

தமிழ்நாட்டில் நிலைமை வேறு. இங்கே இசைச் சந்தை என்றால் திரைப்பட இசைதான். தனிப்பாடல் தொகுப்புகளைக் கடைகள் வாங்குவதில்லை. வானொலிகளும் பெரும்பாலும் படப்பாடல்களையே ஒலிபரப்பின. எனவே ராப் பாட விரும்பியவருக்கு இரண்டே வழிகள் இருந்தன. ஒரு படப்பாட்டின் நடுவே நான்கு வரி பாடிவிட்டுப் போகலாம். இல்லையென்றால் தன் கேட்போரைத் தானே தேடிப் பிடிக்க வேண்டும். யூடியூப் பரவலானபோது இரண்டாவது வழி திறந்தது.

முதல் படி: சொந்தக் கேட்போர்

ஆதி 1990இல் கோயம்புத்தூரில் பிறந்தவர். பொறியியலும் அதன்பின் மேலாண்மையும் படித்தார். மாணவப் பருவத்திலேயே ராப் எழுதி இணையத்தில் ஏற்றிவந்தார். ஜீவாவின் அறிமுகமும் இணையத்தின் வழியாகவே அமைந்தது. 2011இல் பண்பலை வானொலி ஒன்றில் ஆதி பாடிய "கிளப்புல மப்புல" என்ற பாடல் காணொளியாகப் பரவி, அவரை ஒரே நாளில் அறியப்பட்டவராக்கியது. அடுத்த ஆண்டு "ஹிப்ஹாப் தமிழன்" என்ற தொகுப்பு வெளிவந்தது.

இந்தக் கட்டத்தில் குழுவுக்குக் கிடைத்தது பெரும்பணம் அன்று. ஒரு பாட்டை ஏற்றினால் அதைக் கேட்க ஆட்கள் இருக்கிறார்கள் என்ற உறுதிதான் கிடைத்தது. பின்னால் நடந்த ஒவ்வொரு பேச்சுவார்த்தையிலும் இந்தக் கேட்போரே குழுவின் முதலீடாக நின்றார்கள். திரையுலகுக்குள் வாய்ப்புக் கேட்டுச் செல்லும் புதியவருக்கும், ஏற்கெனவே ஒரு கூட்டத்தைத் தன் பின்னால் வைத்திருக்கும் புதியவருக்கும் இடையே உள்ள வேறுபாடு பெரியது.

இரண்டாம் படி: திரையிசை

2013இல் அனிருத் இசையமைத்த "எதிர்நீச்சல்" படத்தின் தலைப்புப் பாடலில் ஹிப்ஹாப் தமிழா பங்கேற்றது. அதே ஆண்டு "வணக்கம் சென்னை", அடுத்த ஆண்டு "கத்தி" ஆகிய படங்களிலும் அனிருத்தின் இசையில் ஆதியின் குரல் ஒலித்தது. இவையெல்லாம் இன்னொருவர் இசையில் விருந்தினராகப் பாடியவை.

2015ஆம் ஆண்டு திருப்புமுனையாக அமைந்தது. சுந்தர் சி. இயக்கிய "ஆம்பள" படத்தின் மூலம் குழு இசையமைப்பாளராக அறிமுகமானது. அதே ஆண்டில் "இன்று நேற்று நாளை", மோகன் ராஜா இயக்கிய "தனி ஒருவன்" ஆகிய படங்களும் வந்தன. மூன்றும் வெவ்வேறு வகைப் படங்கள். முதலாவது குடும்ப நகைச்சுவை, இரண்டாவது காலப்பயணக் கதை, மூன்றாவது காவல்துறைப் பரபரப்புக் கதை. ராப் மட்டுமே தெரிந்தவர்கள் என்ற எண்ணத்தை இவை மாற்றின. 2016இல் "துருவா" மூலம் தெலுங்குக்கும் சென்றனர்.

திரையிசையில் இடம் கிடைத்த பிறகும் குழு தனிப்பாடல்களை நிறுத்தவில்லை. ஜல்லிக்கட்டைப் பற்றிய "டக்கரு டக்கரு" பாடல் 2017 ஜனவரிப் போராட்டக் காலத்தில் பரவலாக ஒலித்தது. "வாடி புள்ள வாடி" முதலில் தனிப்பாடலாக வந்து, பின்னர் ஒரு படத்தில் இடம்பெற்றது. படம் இல்லாமல் பாட்டு வாழும் என்பதை இப்பாடல்கள் காட்டின.

ஒரு பாட்டுக்குள் இருக்கும் உரிமைகள்

இசையமைப்பாளராகப் புகழ் பெற்றவர் ஏன் அதோடு நிற்காமல் படத் தயாரிப்புக்குப் போக வேண்டும்? இதைப் புரிந்துகொள்ள, ஒரு பாட்டு சட்டத்தின் பார்வையில் ஒரே பொருள் அல்ல என்பதை அறிய வேண்டும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957 அதை மூன்றாகப் பிரிக்கிறது.

1. பாடல் வரிகள். இவை இலக்கியப் படைப்பாகக் கருதப்படும்.
2. மெட்டும் இசையமைப்பும். இவை இசைப் படைப்பு.
3. ஒலிப்பதிவு. பதிவு செய்யப்பட்ட அந்தக் குறிப்பிட்ட ஒலி வடிவம்.

மூன்றாவதற்கான உரிமை, பதிவை ஏற்பாடு செய்து செலவிடும் தயாரிப்பாளரைச் சேரும். ஒலிப்பதிவு உரிமை வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் நீடிக்கும். திரைப்படப் பாடலில் இந்த உரிமை படத் தயாரிப்பாளருக்கு. அவர் அதை இசை நிறுவனத்துக்கு விற்பார். இசையமைப்பாளருக்கு ஒப்பந்தத் தொகை கிடைக்கும்.

முதல் இரண்டு உரிமைகளும் நெடுங்காலம் இதே வழியில்தான் சென்றன. 1977இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு ஒன்று, படத்துக்காகப் பணம் கொடுத்து எழுதவைக்கப்பட்ட பாடலுக்கும் இசைக்கும், மாறான ஒப்பந்தம் இல்லாவிட்டால் படத் தயாரிப்பாளரே முதல் உரிமையாளர் என்றது. 2012இல் செய்யப்பட்ட திருத்தம் இந்நிலையை ஓரளவு மாற்றியது. பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டாலும், திரையரங்கில் படத்தோடு காட்டப்படுவது தவிர்த்த பிற பயன்பாடுகளுக்கான உரிமத்தொகையில் சம பங்கு பெறும் உரிமையை அவர்களிடமிருந்து பறிக்க முடியாது. இந்தத் தொகையை வசூலித்துக் கொடுக்கும் இந்திய நிகழ்த்துரிமைச் சங்கம் 2017இல் பதிப்புரிமைச் சங்கமாக மீண்டும் பதிவு பெற்றது.

ஆகவே வெற்றிபெற்ற பாட்டு ஒன்றிலிருந்து இசையமைப்பாளருக்கு உரிமத்தொகை வரலாம். ஆனால் ஒலிப்பதிவை யாருக்கு விற்பது, எந்தத் தளத்தில் வெளியிடுவது, விளம்பரத்துக்குக் கொடுப்பதா என்பவற்றை முடிவு செய்பவர் ஒலிப்பதிவின் உரிமையாளர்தான். முடிவெடுக்கும் இடத்துக்கு வர வேண்டுமானால் செலவையும் தானே ஏற்க வேண்டும். இசைக்காரர் முதலாளியாவதன் பொருள் இதுவே.

இந்தக் கேள்வி தமிழ்ச் சூழலில் எவ்வளவு உயிருள்ளது என்பதற்கு "எஞ்சாய் எஞ்சாமி" ஒரு சான்று. தீயும் அறிவும் பாடி, சந்தோஷ் நாராயணன் இசைத் தயாரிப்பில் 2021 மார்ச்சில் வெளிவந்த அந்தத் தனிப்பாடல் உலகெங்கும் கேட்கப்பட்டது. மூன்று ஆண்டுகள் கழித்து, அப்பாடலிலிருந்து தங்களுக்கு வருவாய் எதுவும் வந்து சேரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் பொதுவெளியில் கூறினார். பாடலை வெளியிட்ட நிறுவனம் அக்குற்றச்சாட்டை மறுத்தது. யார் பக்கம் நியாயம் என்பது ஒருபுறம் இருக்க, கோடிக்கணக்கானோர் கேட்ட பாட்டும் அதை ஆக்கியவர் கணக்கில் வரும் பணமும் தனித்தனிச் செய்திகள் என்பதை அந்நிகழ்வு எல்லோருக்கும் உணர்த்தியது.

மூன்றாம் படி: நடிப்பும் இயக்கமும்

2017 ஜூலையில் வெளியான "மீசைய முறுக்கு" படத்தை ஆதி எழுதி, இயக்கி, நடித்து, இசையும் அமைத்தார். சுந்தர் சி.யின் அவ்னி மூவிஸ் நிறுவனம் தயாரித்தது. இசையில் சாதிக்கத் துடிக்கும் கல்லூரி இளைஞன் ஒருவன், தந்தையிடம் ஓராண்டு அவகாசம் பெற்று முயல்வதே கதை. ஆதியின் வாழ்க்கையைத் தழுவிய இப்படம் வெற்றிபெற்றது. முன்பே தனிப்பாடலாகப் பெயர்பெற்றிருந்த "வாடி புள்ள வாடி" இதில் பயன்பட்டது. யூடியூபில் சேர்த்த கேட்போர் திரையரங்குக்கும் வந்தார்கள்.

அதே நிறுவனத்துக்காக "நட்பே துணை" (2019), "நான் சிரித்தால்" (2020) ஆகிய படங்களில் ஆதி நடித்தார். பிறகு சத்யஜோதி பிலிம்ஸ் தயாரித்த "சிவகுமாரின் சபதம்" (2021) படத்தை அவரே இயக்கினார். காஞ்சிபுரம் பட்டு நெசவுக் குடும்பம் ஒன்றைச் சுற்றிய கதை அது. "அன்பறிவு" (2022), "வீரன்" (2023), "பி.டி. சார்" (2024) ஆகியவை தொடர்ந்தன. இப்படங்களில் பெயரும் முகமும் இசையும் அவருடையவை. முதலீடும் உரிமையும் பிறருடையவை.

இதற்கு இடையே 2019இல், தமிழ் எழுத்தின் தொன்மையை ஆராயும் "தமிழி" என்ற ஆவணத் தொடரைக் குழு தயாரித்து யூடியூபில் இலவசமாக வெளியிட்டது. கல்வெட்டு ஆய்வாளர்கள் பேசும் ஒரு தொடருக்குத் திரைப்பட முதலீட்டாளர் கிடைப்பது அரிது. சொந்தத் தளம் கையில் இருந்ததால் அதைச் செய்ய முடிந்தது.

2023இல் ஆதி இசைத்துறைத் தொழில்முனைவு குறித்த ஆய்வுக்காகக் கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். தான் நடந்த வழியையே ஆய்வுப்பொருளாக எடுத்துக்கொண்ட இசைக்கலைஞர்கள் மிகக் குறைவு.

நான்காம் படி: சொந்த நிறுவனம்

2024 செப்டம்பரில் "கடைசி உலகப் போர்" வெளிவந்தது. வருங்காலத்தில் சென்னை மீது நிகழும் படையெடுப்பைக் கற்பனை செய்த கதை. எழுத்து, இயக்கம், நடிப்பு, இசை ஆகியவற்றோடு தயாரிப்பும் ஆதியுடையது. தமிழில் போர்ப் படங்கள் குறைவு. பொருட்செலவும் இடரும் அதிகம். படம் கலவையான வரவேற்பையே பெற்றது. ஆனால் இசைத் தயாரிப்பாளர், படத் தயாரிப்பாளர் என்ற இரண்டு பொருள்களும் ஒரே ஆளிடம் வந்து சேர்ந்த இடம் இதுதான். வெற்றியில் பங்கு முழுவதும் தன்னுடையது என்றால், இழப்பும் தன்னுடையதே. பிறர் தயாரிக்கும் படத்தில் பேசிய சம்பளத்தை வாங்கிக்கொண்டு போகும் இசையமைப்பாளருக்கு இந்தக் கவலை இல்லை.

உலக ஒப்பீடு: டாக்டர் டிரே

இசைத் தயாரிப்பாளர் பெருமுதலாளியான கதைகளில் உலகப் புகழ் பெற்றது அமெரிக்காவின் டாக்டர் டிரேயின் கதை. ஆண்ட்ரே யங் என்ற இயற்பெயர் கொண்ட இவர், 1965இல் கலிபோர்னியாவின் காம்ப்டன் நகரில் பிறந்தார். என்.டபிள்யூ.ஏ. குழுவின் "ஸ்ட்ரெய்ட் அவுட்டா காம்ப்டன்" (1988) தொகுப்பின் இசைத் தயாரிப்பில் முக்கியப் பங்காற்றினார். பணப்பங்கீட்டுச் சிக்கலில் அக்குழுவை விட்டு விலகி, டெத் ரோ என்ற நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரானார். "தி குரோனிக்" (1992) பெருவெற்றி பெற்றது. 1996இல் அந்த நிறுவனத்தில் தனக்கிருந்த பங்கையும் விட்டுவிட்டு வெளியேறி, ஆஃப்டர்மாத் என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார். எமினெம், 50 சென்ட் ஆகியோரை உலகறியச் செய்தது இந்நிறுவனம்.

பெரும்பணம் வந்தது பாட்டிலிருந்து அன்று. 2006இல் ஜிம்மி அயோவினுடன் சேர்ந்து பீட்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். 2008இல் காதணி ஒலிபெருக்கிகள், அதாவது ஹெட்ஃபோன்கள், விற்பனைக்கு வந்தன. அவற்றை முதலில் தயாரித்துத் தந்தது மான்ஸ்டர் என்ற வேறு நிறுவனம். 2011இல் தைவானின் எச்.டி.சி. 30 கோடி டாலருக்கு மேல் கொடுத்துப் பாதிக்குச் சற்று மேலான பங்கை வாங்கியது; அதை இரண்டே ஆண்டுகளில் பீட்ஸ் திரும்பப் பெற்றது. 2014இல் ஆப்பிள் நிறுவனம் 300 கோடி டாலருக்கு பீட்ஸை வாங்கியது. பீட்ஸின் இசைச்சேவையே அடுத்த ஆண்டு தொடங்கிய ஆப்பிள் மியூசிக்குக்கு அடித்தளமானது.

ஹெட்ஃபோனைச் செய்தவரைவிட அதன்மேல் எழுதியிருந்த பெயரின் உரிமையாளருக்கே மதிப்பில் பெரும்பங்கு சென்றது. இந்தப் பிரிவினையைத் தமிழ்நாட்டில் நேரில் காணக்கூடிய இடம் ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில்வழி. ஸ்ரீபெரும்புதூர் பகுதியில் உள்ள ஃபாக்ஸ்கான் ஆலையில் 2019 முதல் ஐபோன்கள் பொருத்தப்படுகின்றன. அங்கே வேலை செய்யும் பெண்களுக்காக வல்லம் வடகால் சிப்காட் தொழிற்பூங்காவில் 18,720 பேர் தங்கும் விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அத்தனை பேரின் உழைப்பில் உருவாகும் பேசியின் பெயரும் வடிவமும் மென்பொருளும் ஆப்பிளுக்கே உரியவை. செய்து கொடுப்பவர் யார், உரிமை உடையவர் யார் என்ற கேள்வி இசைக்கூடத்துக்கும் ஆலைக்கும் பொதுவானது. தொழில்வழியில் வளரும் மாணவர்களுக்கு இசைத்துறையின் கணக்கு எளிதில் விளங்குவதற்கு இதுவே காரணம்.

அளவில் ஆதியையும் டிரேயையும் ஒன்றாக வைக்க முடியாது. டிரே விற்றது உலகச் சந்தைக்கான ஒரு பொருளை. ஆதி நிற்பது ஒரு மொழியின் திரைச் சந்தையில். மும்பையின் டிவைன் 2019இல் கல்லி கேங் என்டர்டெயின்மென்ட் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, பிற ராப் கலைஞர்களையும் சேர்த்துக்கொண்டது ஆதிக்கு நெருங்கிய ஒப்பீடாகும். எனினும் அங்கே நிறுவனத்தின் மையம் இசை, இங்கே திரைப்படம்.

விமர்சனங்கள்

குழுவைப் புகழுக்குக் கொண்டுவந்த "கிளப்புல மப்புல" பாடலே முதல் விமர்சனத்துக்கும் இடமளித்தது. மது அருந்தும் பெண்களைக் குறைசொல்லும் அதன் பார்வை பெண்களை இழிவுபடுத்துவது என்று பலர் கண்டித்தனர்.

2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்தில் முன்னணியில் நின்ற ஆதி, போராட்டம் திசைமாறுகிறது என்று ஜனவரி 22 அன்று காணொளி வெளியிட்டு விலகினார். மாணவர்கள் இன்னும் கடற்கரையில் இருந்தபோது அவர் விலகியது கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. அவர் பொறுப்போடு எச்சரித்தார் என்று கருதியவர்களும் உண்டு. மக்களின் உணர்வோடு தன் பெயரை இணைத்து வளரும் கலைஞர், அந்த மக்களுக்குப் பதில்சொல்ல வேண்டியவராகவும் ஆகிறார் என்பதை அந்த வாரம் காட்டியது.

மூன்றாவது விமர்சனம் இசை பற்றியது. நடிப்பு, இயக்கம், தயாரிப்பு என்று விரிந்ததில் ஹிப்ஹாப்பின் கூர்மை குறைந்துவிட்டது என்பது ராப் ரசிகர்கள் சிலரின் குறை. டிரேயும் இதிலிருந்து தப்பவில்லை. 1999க்குப் பிறகு அவருடைய அடுத்த தனித்தொகுப்பு வர 2015 வரை ஆனது.

மதிப்பீடு

ஹிப்ஹாப் தமிழாவின் வளர்ச்சியில் நான்கு படிகள் தெரிகின்றன. முதலில் கேட்போரைச் சேர்த்தார்கள். அந்தக் கேட்போரைக் காட்டித் திரையிசையில் இடம் பெற்றார்கள். திரையிசையில் பெற்ற பெயரைக் கொண்டு கதைக்கும் முகத்துக்கும் உரியவரானார் ஆதி. இறுதியில் முதலீட்டையும் ஏற்றார். ஒவ்வொரு படியிலும் முந்தைய படியில் சேர்த்ததே மூலதனமானது. முதல் நாளிலேயே நிறுவனம் தொடங்கியிருந்தால் இது நடந்திருக்காது.

இசையைத் தொழிலாகக் கொள்ள நினைக்கும் மாணவர் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஆதியின் புகழை அன்று. தன் பாட்டின் வரிகள் யாருக்கு, மெட்டு யாருக்கு, ஒலிப்பதிவு யாருக்கு, எத்தனை ஆண்டுகளுக்கு என்ற கேள்விகளை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே கேட்கும் பழக்கத்தை அவர் கற்றுக்கொள்ள வேண்டும். முதல் பாட்டுக்குக் கிடைக்கும் தொகை சிறிதாக இருக்கலாம். அந்தப் பாட்டு பத்தாண்டு கழித்தும் ஒலித்தால், அப்போது வரும் பணம் யாருக்குப் போகும் என்பது அந்த முதல் கையெழுத்திலேயே முடிவாகிவிடுகிறது.